கப்பல் பிரயாணமும் காப்புறுதிப் பத்திரமும்

நம்மில் மூத்தவர்களிடம் 'ரஜூலா' என்று சொன்னால் போதும். நாகப்பட்டினத்துக் கடற்கரையும், தகரப் பெட்டியும், மேல்தட்டில் விரித்த பாயும் அவர்கள் கண்முன் வந்து நிற்கும். 1926-இல் கட்டப்பட்ட அக்கப்பல், 1973 வரை தமிழகத்துக்கும் மலாயாக் கரைக்கும் இடையே ஓடி, நம் பெரியவர்கள் எத்தனையோ பேரைப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கொண்டுவந்து சேர்த்தது. அவர்கள் கப்பலேறியது பிழைப்புக்காக. அல்லாஹ்வின் கிருபையால் அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் இன்று குடும்பத்துடன் உல்லாசத்துக்காகக் கப்பலேறுகிறார்கள். சிங்கப்பூரில் மரீனா பே கப்பல் நிலையம் 2012-இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து மூன்று இரவு, நான்கு இரவுப் பிரயாணமாகப் பினாங்குக்கும் பூக்கெட்டுக்கும் போய்வருவது பள்ளி விடுமுறைக் காலங்களில் சகஜமாகிவிட்டது.

ஆனால் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். நம் கடைக்குக் கடல் மார்க்கமாகப் பத்துப் பெட்டி ஜவுளி வருகிறதென்றால், காப்புறுதி இல்லாமல் அதைக் கப்பலில் ஏற்ற நாம் சம்மதிப்பதில்லை. பத்திரத்தில் எழுதியிருப்பது என்ன, விலக்கியிருப்பது என்ன என்று கணக்குப்பிள்ளையை அழைத்து வாசிக்கச் சொல்கிறோம். அந்த ஜவுளிக்குச் சொந்தக்காரரான முதலாளி தாமே கப்பலேறும்போதோ, "நாலு நாள்தானே, என்ன வந்துவிடப் போகிறது?" என்று கைவீசிக்கொண்டு போய்விடுகிறார். அல்லது டிக்கெட் விற்பவர் நீட்டிய பத்திரத்தை வாசிக்காமலே பையில் போட்டுக்கொள்கிறார். சரக்குக்கு உள்ள பாதுகாப்பு சரக்கின் முதலாளிக்கு வேண்டாமா? இதைக் குறித்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இப்பாடத்தில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கப்பலில் வைத்தியம் இலவசமன்று

பெரிய உல்லாசக் கப்பல்களில் ஒரு சிறு வைத்தியசாலை இருக்கும். டாக்டரும் தாதியரும் இருப்பார்கள். இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவியும், பிராணவாயுவும், அவசர மருந்துகளும் இருக்கும். டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தில் சாப்பாடும் படுக்கையும் அடங்குவதுபோல இதுவும் அடங்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. டாக்டரைப் பார்ப்பதற்கும், ஊசிக்கும், மருந்துக்கும் தனித்தனியே கட்டணம் உண்டு. அது நம் அறைக் கணக்கில் ஏறும். கப்பலை விட்டு இறங்குமுன் நாம் அதைத் தீர்த்துவிட வேண்டும். காப்புறுதி இருந்தாலும் பொதுவாக முதலில் நம் கையிலிருந்து கட்டிவிட்டு, ரசீதைக் காட்டிப் பிறகுதான் திரும்பப் பெறுகிறோம்.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். கப்பல் வைத்தியசாலை பெரிய ஆஸ்பத்திரி அன்று. மாரடைப்பு, பக்கவாதம், எலும்பு முறிவு போன்றவற்றுக்கு முதல் சிகிச்சை அளித்து, நோயாளியை நிலைப்படுத்தி, அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவதுதான் அதன் வேலை. அவசரம் மிகுந்தால் ஹெலிகாப்டரையோ படகையோ வரவழைக்கவும் நேரும். நோயாளியை இறக்கிவிட்டுக் கப்பல் தன் வழியே போய்விடும். மனைவி மக்கள் கூட இறங்கினால் அவர்களுக்குத் தங்குமிடமும் திரும்பும் டிக்கெட்டும் நம் பொறுப்பு.

உள்நாட்டுத் திட்டம் கடல் தாண்டி வருவதில்லை

"சர்க்கார் வைத்தியத் திட்டம் இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2015 நவம்பரில் தொடங்கிய மெடிஷீல்டு லைஃப் திட்டம், உள்நாட்டு ஆஸ்பத்திரியில் ஏற்படும் பெருஞ்செலவுக்காக ஏற்பட்டது. பூக்கெட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் அவசரமாகச் சேர்ந்தால் அந்தச் செலவை அது ஏற்பதில்லை. தனியார் கம்பெனிகளின் மேல்திட்டங்கள் சில, வெளிநாட்டு அவசர வைத்தியத்தை ஓரளவு ஏற்பதுண்டு. அதற்கும் வரம்பு உண்டு. நோயாளியை ஊருக்குக் கொண்டுவரும் செலவு அதில் சேராமல் இருக்கலாம். மலேசியச் சகோதரர்களுக்கும் இதுவே நிலைமை. உள்ளூர்ச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கிடைக்கும் சலுகை, தாய்லாந்துக் கரையில் இறங்கியதும் நின்றுவிடும். சிங்கப்பூர்க்காரர் பினாங்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் அயல்நாட்டாருக்குரிய கட்டணத்தையே கட்ட வேண்டும்.

ஒரு கணக்கு

வியாபாரிக்குக் கணக்காகச் சொன்னால்தான் விஷயம் பிடிபடும். சிங்கப்பூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர், மனைவியுடன் நான்கு இரவுப் பிரயாணம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பூக்கெட்டை நெருங்கும் இரவில் அவருக்கு நெஞ்சு வலிக்கிறது. கீழ்க்காணும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நாமாக வைத்துக்கொண்டவை.

கப்பல் வைத்தியசாலையில் ஓர் இரவு: 4,000 வெள்ளி.
கரையில் தனியார் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் சிகிச்சை: 28,000 வெள்ளி.
மனைவியின் தங்குமிடமும் சாப்பாடும்: 1,500 வெள்ளி.
இருவருக்கும் விமான டிக்கெட்: 1,000 வெள்ளி.
கூடவே விமானத்தில் வைத்திய உதவியாளர் வரும் ஏற்பாடு: 15,000 வெள்ளி.
ஆக மொத்தம்: 49,500 வெள்ளி.

ஆஸ்பத்திரியோ முன்பணம் அல்லது உத்தரவாதம் கேட்கும். இரவு நேரத்தில், அந்நிய ஊரில், மொழி தெரியாத மனைவி எங்கே போவார்? நமது வட்டாரத்துக்குள் சில நாள் பிரயாணத்துக்கு ஒரு காப்புறுதிப் பத்திரத்தின் சந்தா பொதுவாகச் சில பத்து வெள்ளிகளோடு முடிந்துவிடும். இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

பத்திரத்தில் பார்க்க வேண்டிய இடங்கள்

பத்திரத்தின் முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு தொகை இருக்கும். அதைக் கண்டு மயங்கிவிடலாகாது. வைத்தியச் செலவுக்கு எவ்வளவு, நோயாளியை அப்புறப்படுத்தி ஊர் சேர்ப்பதற்கு எவ்வளவு என்று தனித்தனியே பார்க்க வேண்டும். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் பல பத்திரங்கள் வைத்திய வரம்பை வெகுவாகக் குறைத்துவிடுகின்றன. தாய் தந்தையரை அழைத்துப் போகிறவர்கள் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

கப்பல் பிரயாணம் அந்தப் பத்திரத்தில் சேருமா என்பதையும் கேட்க வேண்டும். சில பத்திரங்களில் இதற்கெனத் தனிச் சேர்ப்பு வாங்க வேண்டியிருக்கும். கப்பல் தொடும் நாடுகள் எல்லாம் நாம் வாங்கிய வட்டாரத்துக்குள் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். 2020 நவம்பரில், எந்த அயல்துறையையும் தொடாமல் சிங்கப்பூருக்கே திரும்பும் கப்பல் பிரயாணங்கள் தொடங்கின. 'வெளிநாட்டுப் பிரயாணம்' என்பதற்குப் பத்திரம் என்ன அர்த்தம் சொல்கிறது என்று பார்க்காமல் இத்தகைய பிரயாணத்துக்குப் பணம் கட்டுவது வீணாகக்கூடும்.

தொற்று நோயையும் மறக்கலாகாது. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாத் துறைமுகத்தில் 'டயமண்ட் பிரின்சஸ்' என்ற உல்லாசக் கப்பல் தடுத்து நிறுத்தப்பட்டது. அதிலிருந்த 3,711 பேரில் 700-க்கும் மேற்பட்டோருக்கு கோவிட் தொற்றியது. நோயில்லாதவர்களும் நாட்கணக்கில் தங்கள் அறைகளில் அடைபட்டுக் கிடந்தார்கள். அறையில் அடைபட்ட நாட்களுக்கும், தவறிப்போன துறைமுகத்துக்கும், முறிந்த பிரயாணத்துக்கும் ஏதேனும் கிடைக்குமா என்பதைப் பத்திரமே சொல்ல வேண்டும்.

கம்பெனியே முறிந்து போவதும் உண்டு. 'டிரீம் குரூஸ்' கப்பல்களை நடத்திவந்த ஜெண்டிங் ஹாங்காங் நிறுவனம் 2022 ஜனவரியில் கலைப்பு மனுச் செய்தது. அத்தகைய முறிவுக்குச் சில பத்திரங்கள் ஈடு தருகின்றன, சில தருவதில்லை. பத்திரத்தை எப்போது வாங்குவது என்பதும் இதனோடு சேர்ந்தது. கப்பலேறும் தினத்தன்று வாங்கினால், அதற்கு முன்பே நேர்ந்துவிட்ட காரியத்துக்கு ஈடு கேட்க முடியாது. டிக்கெட்டுக்குப் பணம் கட்டியவுடனே வாங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

நனைந்த தானியம்

இப்போது இப்பாடத்தின் உயிரான இடத்துக்கு வருகிறோம். நாம் மேலே சொன்ன மளிகைக் கடைக்காரர் எட்டு வருஷமாகச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரம் எடுக்கும்போது, "நோய் ஏதும் உண்டா?" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதிவிட்டார். அல்லது அவர் வாங்கிய பத்திரம் அக்கேள்வியைக் கேட்கவே இல்லை. ஆனால் உள்ளே, "ஏற்கெனவே உள்ள நோய்களால் ஏற்படும் செலவை ஏற்கமாட்டோம்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை அவர் படிக்கவில்லை.

ஈடு கேட்டுக் கம்பெனியிடம் போகும்போது என்ன நடக்கும்? கம்பெனி அவருடைய வழக்கமான டாக்டரின் பதிவேட்டைக் கேட்கும். அவர் எட்டு வருஷமாகச் சாப்பிட்ட மாத்திரைகள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். நெஞ்சு வலிக்கும் அந்த நோய்களுக்கும் சம்பந்தம் உண்டு என்று கம்பெனி சொன்னால், அந்த 49,500 வெள்ளியும் அவர் தலையிலேயே விழக்கூடும். சந்தா கட்டியும் பயனில்லை.

காப்புறுதி என்பது மற்ற ஒப்பந்தங்களைவிட உண்மையை அதிகம் வேண்டி நிற்கும் ஒப்பந்தம். கடல் வாணிபத்தில் பிறந்த விதி இது. கப்பல் எங்கோ இருக்கிறது. அதன் நிலை கப்பல்காரனுக்குத்தான் தெரியும், லண்டனில் உட்கார்ந்து பொறுப்பேற்பவனுக்குத் தெரியாது. ஆகவே தெரிந்தவன் தெரியாதவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று ஏற்பட்டது. இங்கிலாந்தின் 1906-ஆம் ஆண்டுக் கடல் காப்புறுதிச் சட்டம் இதை எழுத்தில் வகுத்தது. நம் உடம்பின் நிலையும் அப்படித்தான். நமக்குத் தெரியும், கம்பெனிக்குத் தெரியாது.

இவ்விதி நமக்குப் புதிதா என்ன? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது அடியில் ஈரம் பட்டதையும், நனைந்ததை மேலே வைக்காமல் மறைத்த வியாபாரியை அவர்கள் கண்டித்ததையும் மதரஸாவில் படித்தவர்கள்தாமே நாம்! சரக்கின் குறையை மறைத்து விற்பது எப்படி ஆகாதோ, அப்படியே உடம்பின் குறையை மறைத்துப் பத்திரம் வாங்குவதும் ஆகாது. "கம்பெனிக்காரன் பெரிய பணக்காரன், அவனுக்கென்ன?" என்பது நாணயமுள்ள வியாபாரி பேசும் பேச்சன்று. கம்பெனி கொடுக்கும் பணம், நம்மைப் போன்ற எத்தனையோ பேர் கட்டிய சந்தாதான்.

ஆகையால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சொன்னால் பத்திரம் கிடைக்காது என்று அஞ்ச வேண்டாம். கூடுதல் சந்தாவுக்கு ஏற்கெனவே உள்ள நோய்களையும் சேர்த்து ஏற்கும் பத்திரங்கள் இப்போது விற்கப்படுகின்றன. வேலை சற்று அதிகம், விலையும் சற்று அதிகம். ஆனால் கஷ்ட காலத்தில் கைவிடாது. புறப்படுமுன் நம் டாக்டரைப் பார்த்து, சாப்பிடும் மருந்துகளின் பெயர்களைச் சீட்டாக எழுதி வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

வியாபாரிகள் கவனிக்க வேண்டியவை

நம்மில் நாணய மாற்று வியாபாரிகள் பலர் உண்டு. ஜவுளி, நகை மாதிரிகளைக் கையில் கொண்டு போகிறவர்களும் உண்டு. பிரயாணக் காப்புறுதியில் 'சாமான்' என்பது நம் சொந்தத் துணிமணிகளைத்தான் பெரும்பாலும் குறிக்கும். ரொக்கத்துக்கு மிகச் சிறிய வரம்பே இருக்கும். விற்பனைச் சரக்கும் மாதிரிகளும் வழக்கமாக விலக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு வேறு பத்திரம் வேண்டும்.

மாதம் ஒருமுறை வெளிநாடு போகிறவர்கள் வருஷப் பத்திரம் எடுப்பது சகாயம். ஆனால் ஒரு பிரயாணம் இத்தனை நாளுக்கு மேற்படலாகாது என்று அதில் ஒரு கெடு இருக்கும். வியாபாரப் பிரயாணம், உல்லாசப் பிரயாணம் இரண்டும் சேருமா என்றும் கேளுங்கள். வங்கி அட்டையில் டிக்கெட் வாங்கினால் இலவசக் காப்புறுதி உண்டு என்று சொல்வார்கள். அது பெரும்பாலும் விபத்துக்கு உரியது. நோய்க்கு உதவும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

மவுத்து நேர்ந்தால்

சொல்லக் கசப்பானது, ஆயினும் சொல்லாமல் விடலாகாது. கடலில் ஒருவருக்கு மவுத்து நேர்ந்தால், பெரிய கப்பல்களில் மையித்தை வைக்கக் குளிரறை உண்டு. துறைமுகம் சேர்ந்ததும் அந்நாட்டு அதிகாரிகளின் பத்திரங்களும் நம் தூதரகத்தின் பத்திரங்களும் வேண்டும். உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவைப் பெரும்பாலான பிரயாணப் பத்திரங்கள் ஏற்கின்றன. நாமோ தாமதமின்றி அடக்கம் செய்வதையே விரும்புவோம். பினாங்கிலும் பூக்கெட்டிலும் பள்ளிவாசல்களும் மையவாடிகளும் உள்ளன. மவுத்தான இடத்திலேயே நல்லடக்கம் செய்தால் அந்தச் செலவையும் பத்திரம் ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். நம் விருப்பம் இன்னது என்பதை மனைவி மக்களிடமும் சொல்லிவைப்பது நல்லது.

மார்க்கத்தின் பார்வையில்

காப்புறுதி கூடுமா என்ற கேள்வி நம்மிடையே எப்போதும் எழும். இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹு அகாதமி 1985-இல் ஜித்தாவில் கூடியபோது, நிர்ணயித்த சந்தாவுடன் வியாபாரமாக நடக்கும் காப்புறுதியில் பெரும் நிச்சயமின்மை இருப்பதால் அது கூடாதென்றும், ஒருவருக்கொருவர் உதவும் நோக்கில் கூட்டாக நடத்தப்படும் காப்புறுதி கூடுமென்றும் தீர்மானித்தது. இரண்டாவது முறையே தகாஃபுல். மலேசியாவில் 1984-இல் தகாஃபுல் சட்டம் பிறந்தது. இப்போது 2013-ஆம் ஆண்டின் இஸ்லாமிய நிதிச் சேவைச் சட்டம் அதனிடத்தில் இருக்கிறது. அங்கே பிரயாணத் தகாஃபுல் பத்திரங்கள் கிடைக்கின்றன. மலேசியச் சகோதரர்கள் அதை முதலில் விசாரிக்கலாம். சிங்கப்பூரில் உள்ளவர்கள் தங்களுக்குக் கிடைப்பது எது, அவசியத்துக்கு எதைக் கொள்ளலாம் என்பதை நம் ஆலிம் பெருமக்களிடம் கேட்டுத் தெளிவதே முறை.

சிலர், "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லி எந்த ஏற்பாடும் செய்யாமல் புறப்படுகிறார்கள். அல்லாஹ்தான் பார்த்துக்கொள்கிறான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் பேசுவது நமக்குக் கற்பிக்கப்பட்ட வழியன்று.

கஷ்டம் வந்தால் செய்ய வேண்டியது

பத்திரத்தில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கத்தக்க ஓர் உதவி எண் இருக்கும். அதைக் கைத்தொலைபேசியில் மட்டுமன்றி ஒரு காகிதத்திலும் எழுதி மனைவியிடமும் கொடுத்துவையுங்கள். பெரிய நோய் என்றால் முதலில் அந்த எண்ணை அழையுங்கள். ஆஸ்பத்திரிக்கு உத்தரவாதம் கொடுப்பதும், ஊருக்கு அப்புறப்படுத்த ஏற்பாடு செய்வதும் அவர்கள் வேலை. அவர்களைக் கேட்காமல் நாமே விமானம் ஏற்பாடு செய்தால் முழுத்தொகை கிடைக்காமல் போகலாம். கப்பல் டாக்டரின் அறிக்கை, ரசீதுகள், டிக்கெட் ஆகியவற்றை ஒன்றுவிடாமல் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பாஸ்போர்ட்டின் பிரதி ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். ஊர் திரும்பியதும் கெடு தவறாமல் ஈடு கேட்டு எழுதுங்கள். கம்பெனி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நியாயம் இருக்குமானால் சிங்கப்பூரில் 'ஃபிட்ரெக்' என்னும் நிதிப் பிணக்குத் தீர்வு நிலையத்தை அணுகலாம்.

பத்திரம் வாங்குமுன் ஏழு கேள்விகள்

1. கப்பல் பிரயாணமும், கப்பல் தொடும் எல்லா நாடுகளும் சேருமா?
2. கப்பல் டாக்டரின் கட்டணம் சேருமா?
3. என் வயதுக்கு வைத்திய வரம்பு எவ்வளவு? அப்புறப்படுத்தும் செலவுக்கு எவ்வளவு?
4. எனக்குள்ள சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றைப் பத்திரம் ஏற்கிறதா?
5. முதலில் நானே ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு?
6. பிரயாணம் ரத்தானாலோ, கம்பெனி முறிந்தாலோ, அறையில் அடைபட்டாலோ என்ன கிடைக்கும்?
7. மவுத்து நேர்ந்தால் அவ்விடத்திலேயே அடக்கம் செய்யும் செலவு சேருமா?

இவ்வேழுக்கும் பதிலை வாய்வார்த்தையாக அல்ல, பத்திரத்தில் காட்டச் சொல்லுங்கள். நம் முன்னோர் ரஜூலாவில் வந்தபோது அவர்களிடம் பத்திரம் ஏதும் இருக்கவில்லை. நோயில் விழுந்தால் பக்கத்துப் பாயில் இருந்த சகோதரரே துணை. இன்று நமக்கு வசதி இருக்கிறது, வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். இன்றிரவே அந்தப் பத்திரத்தை எடுத்து, பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பிரயாணங்களைச் சுகமாக்கி, நம்மைச் சுகத்துடன் வீடு சேர்த்தருள்வானாக! ஆமீன்.